அத்தியாயம் 6: படைக்கான ஆராய்ச்சிக்கு அரசு மானியம் – திண்டுக்கல்லிலிருந்து விண்ணப்பிப்போருக்கு

திண்டுக்கல்லில் பட்டறை வைத்திருப்பவர்களும் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களும் இந்த விஷயத்தில் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் நம்ம ஊர் பேரே இல்லையே, நமக்கெல்லாம் கொடுப்பாங்களா?" கேள்வி நியாயமானது. 2018 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாட்டு வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்கள்தான் முனையங்கள். அதனால் மனம் தளர வேண்டாம். வழித்தடம் என்பது தொழிற்சாலை எங்கே எழும்ப வேண்டும் என்பதைப் பற்றிய திட்டம். ஆராய்ச்சி மானியமோ யோசனைக்கும், அதைச் செய்து காட்டும் ஆளுக்கும் தரப்படுவது. விண்ணப்பத்தில் உங்கள் முகவரி நாகல் நகரா, நத்தமா, வேடசந்தூரா என்று பார்த்து மதிப்பெண் போடும் இடம் எதுவும் கிடையாது.

திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்துக்குப் படைத்தொழில் புதிதும் அல்ல. 1755-ல் மைசூர் அரசின் பவுஜ்தாராக (படை ஆளுநராக) இங்கே வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு கைதேர்ந்த தொழிலாளர்களை வரவழைத்து, முறையான பீரங்கிப் படையையும் ஆயுதக் கிடங்கையும் வெடிமருந்துப் பட்டறையையும் இங்கேதான் அமைக்கத் தொடங்கினார். பின்னாளில் மைசூர்ப் படை பெயர் வாங்கியதற்கு இந்த ஊரில் கழிந்த ஆண்டுகளுக்கும் பங்குண்டு. ஆள்பவரின் பணமும் கைவினைஞரின் திறமையும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது உள்ளூர்ச் சான்று.

இன்றைய மானியத் திட்டங்களில் பணம் குறைவு என்று சொல்ல முடியாது. 2022 பட்ஜெட்டில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிதியின் 25 சதவீதத்தைத் தனியார் தொழில்துறை, ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடுவதாக அறிவித்தார்கள். படைகளுக்கான புத்தாக்கத்துக்கு நிதி தரும் ஐடெக்ஸ் திட்டத்துக்கு மட்டும் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு 498.78 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நம் பக்கத்து விண்ணப்பங்கள் தோற்பது இரண்டு இடங்களில். ஒன்று, படைவீரரின் சிக்கல் எது என்று தெரியாமலே கருவியை வடிவமைத்துவிடுவது. மற்றொன்று, மானியம் தவணையில்தான் வரும் என்பதைக் கணக்கில் கொள்ளாமல் கையெழுத்துப் போடுவது. இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அந்த இரண்டைப் பற்றித்தான்.

சிக்கலை எங்கே தேடுவது

ஐடெக்ஸ் 2018 ஏப்ரல் 12 அன்று, சென்னைக்குத் தெற்கே திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியின்போது பிரதமரால் தொடங்கப்பட்டது. அதன் முதன்மை வழி ஒரு சவால் போட்டி. தரைப்படை, கடற்படை, விமானப்படை, கடலோரக் காவல்படை, பாதுகாப்புப் பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவை தங்களுக்குத் தேவையானவற்றைச் சிக்கல் அறிக்கைகளாக எழுதித் தருகின்றன. சுற்றுச் சுற்றாக அவை வெளியிடப்படும். 2018 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் சுற்று அறிவிக்கப்பட்டது. பட்டியலில் உள்ள சிக்கலுக்கு விடை வைத்திருப்பவர் அதற்கே விண்ணப்பிக்கலாம். பட்டியலில் இல்லாத யோசனை என்றால் 'திறந்த சவால்' என்ற வழி இருக்கிறது.

சிக்கல் அறிக்கையை வாசிப்பதில் ஒரு பழக்கம் வேண்டும். பெரும்பாலானோர் தலைப்பைப் பார்த்துவிட்டு 'இது ட்ரோன், நமக்கு ஆகாது' என்று கடந்துவிடுகிறார்கள். தலைப்பை விட்டுவிட்டு உள்ளே போங்கள். ஒரு ட்ரோனுக்குள் சுருளும் கம்பி இருக்கிறது, மடியும் கால் இருக்கிறது, தூசி புகாத மூடி இருக்கிறது, அதைச் சுமக்கும் பை இருக்கிறது. முழுக் கருவியையும் உங்களால் செய்ய முடியாமல் போகலாம். விண்ணப்பிக்கும் நிறுவனத்தோடு கூட்டாளியாகச் சேர்ந்து ஒரு பாகத்தின் ஆராய்ச்சியை ஏற்கலாமே.

2020 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ஸ்ரீஜன் இணையதளத்தையும் பாருங்கள். அது மானியம் தரும் இடம் அல்ல. வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கும் உதிரிப்பாகங்களை 'யாராவது இங்கே செய்து தர முடியுமா' என்று கேட்கும் பட்டியல். ஆனால் ஆராய்ச்சிக்குக் கரு தேடுபவருக்கு அது புதையல். எந்த நாட்டில் வாங்குகிறார்கள், எத்தனை வாங்குகிறார்கள் என்று பார்த்தாலே எது அவசரம் என்று புரிந்துவிடும்.

இவற்றையெல்லாம்விட நல்ல வழி ஒன்று திண்டுக்கல்லிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களைப் போலவே இங்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. சியாச்சினிலும் ராஜஸ்தான் பாலைவனத்திலும் கப்பல் தளத்திலும் பணிசெய்து திரும்பியவர்கள் அங்கே வந்து போகிறார்கள். அவர்களிடம் பேசுங்கள். பேசும் முறை முக்கியம். "அண்ணே, ஆர்மிக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் துப்பாக்கி, டாங்கி என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். "எது அடிக்கடி உடைஞ்சுது? உடைஞ்சப்ப கையில இருந்ததை வச்சு எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். டார்ச் விளக்கின் சுவிட்ச், சிக்கிக்கொண்ட ஜிப், உறைந்த தண்ணீர் கேன், கையுறையோடு திறக்க முடியாத பெட்டி என்று பேச்சு நீளும். 'கையில இருந்ததை வச்சு' அவர் செய்த ஒட்டுவேலைதான் உங்கள் ஆராய்ச்சியின் முதல் வரைபடம். அவர் பணிசெய்த இடம், பிரிவு போன்ற ரகசியங்களைக் கேட்க வேண்டாம். அது தேவையும் இல்லை.

ஒரு பூட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டைக் கையால் அரம் போட்டுச் செய்யும் ஒருவர், ஆயுதக் கிடங்குப் பெட்டிக்கான பூட்டு ஒன்றை உருவாக்க மானியம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'எங்கள் பூட்டு நூற்றாண்டுப் பாரம்பரியம் உடையது, மிக உறுதியானது' என்று எழுதினால் அது விண்ணப்பம் ஆகாது. தேர்வுக் குழுவில் இருப்பவர் கேட்கப்போவது வேறு: மைனஸ் 40 டிகிரியில் திறக்குமா?

இங்கேதான் ஆராய்ச்சி தொடங்குகிறது. பித்தளை, எஃகு இரண்டும் குளிரில் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஒவ்வொரு டிகிரிக்கும் பித்தளை பத்து லட்சத்தில் சுமார் 19 பங்கும், எஃகு சுமார் 12 பங்கும் சுருங்கும். திண்டுக்கல் கோடையில் 40 டிகிரியில் பொருத்திய பூட்டு மைனஸ் 40-க்குப் போனால் வித்தியாசம் 80 டிகிரி. 50 மில்லிமீட்டர் நீளமுள்ள பாகத்தில் பித்தளை சுமார் 0.076 மில்லிமீட்டரும் எஃகு சுமார் 0.048 மில்லிமீட்டரும் குறையும். இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர். கைதேர்ந்தவர் விடும் இடைவெளியே சில சமயம் அவ்வளவுதான் இருக்கும். பட்டறையில் வழுக்கிக்கொண்டு திறந்த பூட்டு, பனிமலையில் இறுகிக்கொள்ளும். உள்ளே போட்ட எண்ணெயும் குளிரில் கெட்டிப்படும். தடித்த கையுறை போட்ட கைக்குச் சாவியின் பிடி போதாது. கடற்படைக்கு என்றால் உப்புக்காற்று. ராஜஸ்தானுக்கு என்றால் மாவு போன்ற மணல்.

இப்போது அதே விண்ணப்பத்தை இப்படி எழுதலாம்: ஒரே உலோகத்தில் செய்த நெம்புத் தகடுகள், எண்ணெய்க்குப் பதில் உலர் மசகுப் பூச்சு, கையுறையோடு திருப்பக்கூடிய சாவி, மைனஸ் 40 முதல் பிளஸ் 55 டிகிரி வரை இத்தனை முறை திறந்து மூடும் சோதனை, உப்புத்தூவல் அறையில் இத்தனை மணி நேரம். பரம்பரைத் திறமை இதில் எங்கும் குறையவில்லை. அளவைகளோடு சேர்ந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பூட்டு ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகள் தீப்பிடிக்காத, வியர்வையை வெளியே விடும் நூல் பற்றி யோசிக்கலாம். தோல் பதனிடும் தொழிலில் இருப்பவருக்குப் பூட்ஸின் உள்ளுறை இருக்கிறது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையைச் சுற்றியுள்ளவர்கள் முருங்கையையும் மலைவாழையையும் உலர்த்தி, எடை குறைந்த, நெடுநாள் கெடாத உணவாக்குவதைப் பற்றி ஆராயலாம். மைசூரில் 1961 முதல் இயங்கும் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடத்தின் வேலையே இதுதான்.

எந்தக் கதவைத் தட்டுவது

யாருக்கு எது பொருந்தும் என்பது நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது.

பதிவுசெய்த ஸ்டார்ட்அப் அல்லது குறு, சிறு நிறுவனம் என்றால் முதலில் ஐடெக்ஸ். அதன் சவால் சுற்றில் அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய் வரை மானியம். அதற்கு மேல் தேவைப்படும் முயற்சிகளுக்கு ஐடெக்ஸ் பிரைம், 10 கோடி வரை. 2024 மார்ச் 4 அன்று தொடங்கிய அதிதி திட்டம் செயற்கைக்கோள், குவாண்டம், நீரடித் தொழில்நுட்பம் போன்ற முன்னணித் துறைகளுக்கு 25 கோடி வரை தருகிறது. தனிநபர் கண்டுபிடிப்பாளரும் ஐடெக்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஸ்டார்ட்அப் நிறுவனங்களுக்கே முன்னுரிமை. ஆகவே மத்திய தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையின் ஸ்டார்ட்அப் அங்கீகாரமும் உத்யம் பதிவும் கையில் இருக்கட்டும். ஒரே ஆள் நடத்தும் உரிமையாளர் நிறுவனத்துக்கு அந்த அங்கீகாரம் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி., பதிவுசெய்த கூட்டாண்மை இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலானவை உரிமையாளர் நிறுவனங்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சவால் அறிவித்த பிறகு பதிவுக்கு ஓடினால் காலம் போதாது. இப்போதே ஆடிட்டரைப் பாருங்கள்.

இரண்டாவது கதவு, பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பான டி.ஆர்.டி.ஓ. நடத்தும் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி. இதன் உச்சவரம்பு முதலில் 10 கோடியாக இருந்தது. 2022-ல் 50 கோடியாக உயர்ந்தது. திட்டச் செலவில் 90 சதவீதம் வரை தருவார்கள்; காலம் அதிகபட்சம் நான்கு ஆண்டுகள். கல்லூரியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் மொத்த உழைப்பில் கல்லூரியின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தொழில்நுட்ப முதிர்ச்சியை ஒன்று முதல் ஒன்பது வரை அளக்கும் அளவுகோலில் மூன்றாம் படியையாவது நீங்கள் எட்டியிருக்க வேண்டும். அதாவது, கருத்து சரி என்று மேசைமேல் ஒரு சோதனையிலாவது காட்டியிருக்க வேண்டும். வெறும் யோசனைக்கு இங்கே இடமில்லை.

கல்லூரி ஆசிரியருக்கு வேறு வழி. டி.ஆர்.டி.ஓ.வின் வெளி ஆராய்ச்சித் திட்டங்களும் அதன் ஆராய்ச்சி வாரியங்களும் நேரடியாகக் கல்வி நிறுவனங்களுக்கு நிதி தருகின்றன. வானூர்தி, கடற்படை, படைக்கலன், உயிர் அறிவியல் என்று துறைவாரியாக வாரியங்கள் உண்டு. உயிர் அறிவியல் வாரியத்தின் எல்லைக்குள் உணவு, உடலியல், உளவியல், மருத்துவக் கருவி, உயர்மலை வேளாண்மை எல்லாம் வரும். கலை அறிவியல் கல்லூரியின் உயிர்வேதியியல் ஆசிரியரும் இதைக் கவனிக்க வேண்டும். ஆய்வு மாணவருக்கான உதவித்தொகை பட்ஜெட்டிலேயே சேர்க்கப்படும். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாயும் முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாயும் என்று மத்திய அரசு விகிதம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் டி.ஆர்.டி.ஓ.வின் தொழில், கல்வி உயராய்வு மையம் செயல்படுகிறது. முதல் முறை விண்ணப்பிக்கும் திண்டுக்கல் கல்லூரி ஒன்று, தனியாகப் போவதைவிட அத்தகைய மையத்தின் ஒரு திட்டத்தில் துணை ஆய்வாளராகச் சேர்வதே நல்லது என்பது என் கருத்து. ஒரு திட்டத்தை முடித்த பெயர் அடுத்த விண்ணப்பத்துக்குப் பெரிய துணை.

தனி ஆள், கையில் யோசனை மட்டும் உண்டு என்றால், அப்துல் கலாமின் பிறந்தநாளில் 2018-ல் டி.ஆர்.டி.ஓ. தொடங்கிய 'டேர் டு ட்ரீம்' போட்டியைப் பாருங்கள். பரிசு தனிநபருக்கு 5 லட்சம் வரை, ஸ்டார்ட்அப்புக்கு 10 லட்சம் வரை.

படை சாராத சிறு மானியங்களையும் மறக்க வேண்டாம். அவை ஏணியின் கீழ்ப்படிகள். தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டத்தில் யோசனையைச் சோதிக்க 2 லட்சம், மாதிரியை மேம்படுத்த 5 லட்சம் வரை உண்டு. மத்திய அரசின் ஸ்டார்ட்அப் விதைநிதியில், தொழில் வளர்ப்பு மையம் வழியாக 20 லட்சம் வரை மானியம் கிடைக்கும். தொழில்நுட்ப ஜவுளியில் புதிதாக இறங்குவோருக்கு 2023-ல் வந்த கிரேட் திட்டத்தில் 50 லட்சம் வரை. இவற்றில் ஒன்றை வைத்து முதல் மாதிரியைச் செய்து, சோதனை அறிக்கை வாங்கிக்கொண்டு, அதன்பின் ஐடெக்ஸுக்குப் போவதுதான் நம் போன்ற ஊர்களுக்கு ஏற்ற வரிசை.

பக்கத்தில் யார் கைகொடுப்பார்கள்? சுமார் 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவையில் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்புப் புத்தாக்க மையமும், ஃபோர்ஜ் வளர்ப்பு மையமும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஐடெக்ஸோடு தொடர்பு உண்டு. பழனி வழியாகக் காலையில் கிளம்பினால் பேசிவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். தரகர் ஒருவர் வந்து "கமிஷன் கொடுங்க, சாங்ஷன் வாங்கித் தர்றேன்" என்றால் கதவைச் சாத்திவிடுங்கள். விண்ணப்பம் இணையத்தில் நேரடியாகப் போகிறது. இடையில் எவருக்கும் வேலை இல்லை.

காசு எப்போது வரும்

"சார், ஒன்றரைக் கோடி அக்கவுண்ட்ல எப்ப ஏறும்?" இதற்கு நேரான பதில்: மொத்தமாக ஒருபோதும் ஏறாது. மைல்கற்கள் வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றையும் முடித்துக் காட்டியபின் தவணை தவணையாக வரும். ஐடெக்ஸ் மானியத்துக்கு ஈடான தொகையை நீங்களும் போட வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. ஒன்றரைக் கோடி கேட்டால் ஒன்றரைக் கோடி கொண்டுவர வேண்டும்.

'வரை' என்ற சொல்லை இங்கே பிடித்துக்கொள்ளுங்கள். 1.5 கோடி வரை என்றால் 40 லட்சமும் கேட்கலாம். 80 லட்சத் திட்டம், 40 உங்களுடையது, 40 அரசுடையது என்று வைத்துக்கொள்வோம். நான்கு மைல்கற்கள். ஒரு மைல்கல்லை முடித்து, அறிக்கை கொடுத்து, அதிகாரிகள் வந்து பார்த்து, பணம் விடுவிக்கப்படும்வரை மாதங்கள் ஓடலாம். அந்த மாதங்களில் சம்பளம் நிற்காது, மின்கட்டணம் நிற்காது, வாங்கிய மூலப்பொருளுக்கு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். ஆகவே உங்கள் பங்கான 40 லட்சம் தவிர, குறைந்தது ஆறு மாதச் செலவைத் தாங்கும் நடைமுறை மூலதனம் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறியதாகக் கேளுங்கள், அல்லது 90 சதவீதம் தரும் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதியில் பொருத்தமான திட்டம் வரும்வரை காத்திருங்கள். அங்கே 1 கோடித் திட்டத்துக்கு உங்கள் பங்கு 10 லட்சம். வீட்டுப் பத்திரத்தை அடகுவைத்து ஈடுதொகை கட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆராய்ச்சி தோற்கலாம், தோற்பதற்கான உரிமை இருப்பதால்தான் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர். அந்தத் தோல்வியின் விலையாகக் குடும்பம் வீட்டை இழக்கக் கூடாது.

பட்ஜெட் போடும்போது நம்மவர்கள் விட்டுவிடும் ஒரு தலைப்பு சோதனைச் செலவு. மின்னணு, மின்சாரக் கருவிகளுக்கு ஜே.எஸ்.எஸ். 55555 என்ற முப்படைச் சுற்றுச்சூழல் தரம் இருக்கிறது. வெப்பம், குளிர், அதிர்வு, ஈரப்பதம், தூசி, உப்பு எல்லாவற்றையும் அது கேட்கும். மின்காந்தச் சோதனைக்குச் சென்னையில் சமீர் மையம் உண்டு. ஆளில்லா விமானம், மின்னணுப் போர்க்கருவி, மின்ஒளியியல் ஆகியவற்றைச் சோதிக்கும் மையங்களைத் தமிழ்நாட்டு வழித்தடத்தில் அமைக்க 2024 ஜூலையில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின. மேற்கோள் விலையை விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கி இணையுங்கள். முதல் சோதனையிலேயே தேறிவிடுவோம் என்று நினைக்காமல் இரண்டு முறைக்கான தொகையைப் போடுங்கள்.

மைல்கல்லை எழுதும் விதம்

'வடிவமைப்புப் பணி நிறைவு' என்று மைல்கல் எழுதாதீர்கள். நிறைவடைந்ததா இல்லையா என்று யார் சொல்வது? எண்ணால் அளக்கக்கூடியதாக எழுதுங்கள். 2004-ல் அமெரிக்காவின் படை ஆராய்ச்சி நிறுவனமான டார்ப்பா மொஹாவி பாலைவனத்தில் ஓட்டுநர் இல்லாத வண்டிகளுக்குப் போட்டி வைத்தது. அளவுகோல் ஒன்றே: சுமார் 240 கிலோமீட்டரைக் கடக்க வேண்டும். ஒரு வண்டிகூட முடிக்கவில்லை. அதிகம் ஓடியதே 12 கிலோமீட்டரைத் தொடவில்லை. எங்கே நின்றது, ஏன் நின்றது என்று எல்லோருக்கும் துல்லியமாகத் தெரிந்தது. மறு ஆண்டு ஐந்து வண்டிகள் பாதையை முடித்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வண்டி 20 லட்சம் டாலரை வென்றது. அளவுகோல் தெளிவாக இருந்தால் தோல்வியும் கற்றுக்கொடுக்கும். 'உலர்த்திய முருங்கைக்கீரை 37 டிகிரியில் 12 மாதம் வைத்தபின் வைட்டமின் இழப்பு இத்தனை சதவீதத்துக்குள்' என்று எழுதுங்கள். குறியை எட்டாமல் போனாலும் எவ்வளவு எட்டினோம் என்று காட்ட முடியும். அப்படிக் காட்டுபவரோடு குழு பேசத் தயாராக இருக்கும்.

விண்ணப்பத்தின் மொழி பற்றி ஒரு சொல். படிவம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆனால் முதலில் தமிழில், பட்டறையில் வேலை செய்பவருக்குப் புரியும்படி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்: என்ன சிக்கல், இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள், நாம் செய்வதில் என்ன மாறும், எப்படிச் சோதிப்போம். அந்த ஒரு பக்கம் தெளிவாக வந்த பிறகே ஆங்கிலத்துக்குப் போங்கள். தேர்வுக் குழுவோடு நேரடியாகப் பேசும்போதும் இந்தத் தெளிவே காப்பாற்றும்.

கணக்கும் ரகசியமும்

பணம் வந்தபின் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைக் கணக்கோடு கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. மானியம் பெறும் கல்வி நிறுவனங்கள் பொது நிதி விதிகள் 2017-ன் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். மானியத்துக்கு வந்த வட்டியையும் அரசுக்கே திருப்ப வேண்டும். வாங்கிய கருவிகளுக்குத் தனிப் பதிவேடு தேவை. பயன்பாட்டுச் சான்றிதழ் போகாததால் அடுத்த தவணை நின்று, ஆய்வு மாணவர் சம்பளமில்லாமல் வேறு வேலைக்குப் போய்விடுவது கல்லூரிகளில் நடக்கிறது. மாணவரின் முனைவர் பட்டமே அதில் அறுந்துபோகும். அலுவலகத்தில் இதற்கென்று ஒருவரைப் பொறுப்பாக்குவது முதன்மை ஆய்வாளரின் கடமை.

காப்புரிமையில் ஒரு எச்சரிக்கை. 1970-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 35-ம் பிரிவின்படி, பாதுகாப்போடு தொடர்புடைய கண்டுபிடிப்பை வெளியிடக் கூடாது என்று அரசு உத்தரவிடலாம். 39-ம் பிரிவின்படி, இந்தியாவில் வசிப்பவர் அனுமதி பெறாமலோ, இங்கே முதலில் விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திராமலோ வெளிநாட்டில் காப்புரிமை கேட்க முடியாது. ஆய்வுக் கட்டுரை வெளியிடும் முன்னும் நிதி தந்த அமைப்பின் அனுமதி வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் மாதிரியின் படத்தைப் போடுவதும் வெளியீடுதான். தொழில்நுட்ப மேம்பாட்டு நிதியில் உருவாகும் அறிவுசார் உரிமை டி.ஆர்.டி.ஓ.வுக்கும் உங்களுக்கும் கூட்டாகச் சேரும். எந்தத் திட்டமானாலும் ஒப்பந்தத்தின் உரிமைப் பகுதியை வழக்கறிஞர் ஒருவர் வாசித்தபின் கையெழுத்திடுங்கள்.

மனம் ஒப்பாதவர்களுக்கு

இந்த மாவட்டத்தில் எழுதும்போது இதைத் தாண்டிப் போக முடியாது. டி.எஸ். சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் உருவாக்கிய காந்திகிராமம் சின்னாளபட்டிக்கு அருகில் இருக்கிறது. 1956-ல் தொடங்கிய கிராமிய நிறுவனம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அகிம்சையில் நம்பிக்கையுள்ள ஆசிரியர், மாணவர் பலர் இங்கே உண்டு. படைக்கான ஆராய்ச்சியில் இறங்கத் தயங்குபவரை நான் வற்புறுத்த மாட்டேன். அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது. அதே சமயம், இந்த நிதி முழுவதும் ஆயுதத்துக்குப் போவதில்லை. காயத்தைக் கட்டும் துணி, குடிநீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டி, உயர்மலையில் மூச்சுத்திணறலைத் தணிக்கும் வழி ஆகியவையும் இதே வாரியங்களின் பட்டியலில் உள்ளன. ஏவுகணைக்காக உருவாக்கிய இலகுவான கலவைப் பொருளைக் கொண்டு, போலியோ பாதித்த குழந்தைகள் சுமந்த 3 கிலோ கால்தாங்கியை 300 கிராமாகக் குறைத்ததைக் கலாம் தம் வாழ்வின் பெரும் மகிழ்ச்சியாகச் சொல்லிவந்தார். எந்தச் சிக்கலை எடுப்பது, எதைத் தொடக் கூடாது என்ற எல்லையைக் கல்லூரியும் நிறுவனமும் விண்ணப்பத்துக்கு முன்பே தங்களுக்குள் பேசி, எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஆய்வு மாணவருக்கும் அதைச் சொல்லிவிடுங்கள்.

மாதிரி தேறிய பிறகு

மானியம் கிடைத்ததும் ஆர்டர் உறுதி என்று எண்ண வேண்டாம். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறை ஐடெக்ஸில் தேறிய பொருள்களை வாங்க வழி செய்திருக்கிறது. சென்னையின் பிக் பேங் பூம் சொல்யூஷன்ஸ் 2018-ல் தொடங்கிய நிறுவனம். ஐடெக்ஸ் வழியாக ட்ரோன் எதிர்ப்புக் கருவியை உருவாக்கி, 2024-ல் தரைப்படை, விமானப்படையிடமிருந்து 200 கோடிக்கு மேற்பட்ட ஆர்டர்களைப் பெற்றது. இடையில் ஓடியவை ஆண்டுகள் என்பதைக் கவனியுங்கள். அந்த ஆண்டுகளில் பட்டறை ஓட வேண்டுமானால் அதே பொருளுக்குப் படைக்கு வெளியிலும் வாங்குபவர் வேண்டும். குளிரில் இறுகாத பூட்டை ரயில்வேயும் குளிர்பதனக் கிடங்கும் வாங்கும். தீப்பிடிக்காத நூலைத் தீயணைப்புத் துறையும் உருக்காலையும் கேட்கும். திட்ட அறிக்கையில் அந்தச் சந்தையையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். குழு அதைக் குறையாகப் பார்க்காது. நீங்கள் தாக்குப்பிடிப்பீர்கள் என்ற நம்பிக்கை அதனால் வரும்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் காரணம் கேட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் வளர்ப்பு மையத்தில் உள்ளவரிடம் விண்ணப்பத்தைக் காட்டுங்கள். சோதனை அறிக்கைகள், மேற்கோள் விலைகள், முன்னாள் படைவீரர்களிடம் எடுத்த குறிப்புகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். அடுத்த சுற்றில் வேறு சிக்கல் அறிக்கைக்கோ, டி.ஆர்.டி.ஓ. நிதிக்கோ, விதைநிதிக்கோ அதே கோப்பு பயன்படும். உச்சவரம்பும் தகுதி விதிகளும் சுற்றுக்குச் சுற்று மாறக்கூடியவை என்பதால், ஒவ்வொரு முறையும் அதிகாரபூர்வ இணையதளத்தில் அன்றைய வழிகாட்டுக் குறிப்பை இறக்கி, தேதியோடு அச்செடுத்து அந்தக் கோப்பின் முதல் தாளாக வையுங்கள்.